அழுத்திப் பிடி, கடிகாரத்தைப் பார்

போன இதழில் பித்தப்பைக் கல்லைப் பற்றி இரண்டே பத்திதான் எழுதினேன், வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டுக் கேமரா விட்டு எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று கொஞ்சம் லேசாகவே முடித்திருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த லேசான பேச்சைத்தான் பிடித்து உலுக்குகின்றன. "ரத்தம் வந்தால் என்ன செய்வீர்கள்?" தொண்டியிலிருந்து பாம்பன் வரைக்கும் இதே கேள்வி. சரி, இந்தத் தடவை முழுக்க அதற்கே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும்.

பாம்பன் வாசகி: என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் முடித்துவிடலாம் என்று ஏப்ரல் கடைசியில் பித்தப்பை ஆபரேஷனுக்குச் சேர்த்தோம். நாலு ஓட்டைதான், மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். உள்ளே கொண்டுபோய் இரண்டு மணி நேரம் கழித்து ஒருவர் வந்து, "ரத்தம் வந்துவிட்டது, வயிற்றைத் திறந்து செய்ய வேண்டும்" என்று கையெழுத்து வாங்கிப் போனார். இப்போது வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் தையல். டாக்டர் கை தவறிவிட்டாரா? சொந்தக்காரர்கள் கேஸ் போடச் சொல்கிறார்கள்.

அம்மா, அன்று உள்ளே என்ன நடந்தது என்பதை இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. அதைச் சொல்லும் காகிதம் ஒன்று இருக்கிறது, ஆபரேஷன் நோட்ஸ் என்பார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியோடு அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். ஆனால் திறந்ததைக் குற்றமாகப் பார்க்காதீர்கள். ரத்தம் நிற்காத நேரத்தில் திறக்காமல் அடம்பிடித்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

பித்தப்பை ஈரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் தடித்த தங்கூசி, அதாவது தூண்டில் நைலான் இழை, கனம்தான் இருக்கும். ஆனால் அது கிளம்புவது ஈரலின் வலது பக்கத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயிலிருந்து, பக்கத்திலேயே ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் பெரிய குழாய். எல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும் இடம். பல வருஷம் கல்லை வைத்துக்கொண்டு, வலி வரும்போதெல்லாம் ஊசி போட்டுக் கடலுக்குப் போய்விட்டு, நாலைந்து தடவை வீங்கி வீங்கி ஆறிய பித்தப்பை, பாறையில் பிடித்த சிப்பி மாதிரி சுற்றியிருக்கிற எல்லாவற்றோடும் ஒட்டிப்போயிருக்கும். அதை உரிக்கும்போது எவ்வளவு பக்குவமான கையானாலும் சில சமயம் ரத்தம் வரும்.

வந்தால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். கேமரா எதையும் பெரிதாக்கிக் காட்டும், ஒரு ஸ்பூன் ரத்தம் திரையில் வெள்ளமாகத் தெரியும், அதோடு ரத்தம் வெளிச்சத்தையும் உறிஞ்சிவிடுவதால் படமே இருட்டிப்போகும். கணவாய் மை கக்கின தண்ணீரில் கையை விட்டுத் துழாவினால் என்ன அகப்படும் என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள். அந்தக் கலங்கலில் குத்துமதிப்பாக, குழாயைக் கவ்வி மூடும் கிளிப் ஒன்றைப் போட்டால் அது அந்தப் பெரிய பித்தக் குழாயைக் கவ்விவிடலாம். ரத்தம் போனால் ரத்தம் ஏற்றலாம். பித்தக் குழாய் அறுந்தால் குடலை இழுத்து வைத்துத் தைக்க வேண்டும், வருஷக்கணக்கில் காய்ச்சலும் காமாலையும் துரத்தும். ஓட்டை ஆபரேஷனில் ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இந்தக் காயம் ஏற்படுவதாகப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, அதில் ஒரு பங்கு இப்படி ரத்தத்தைக் கண்டு பதறிப் போட்ட கிளிப்பால் வருவது. காற்று மாறிவிட்டது என்று தெரிந்ததும் வலையை வாரிக்கொண்டு கரைக்குத் திரும்புகிறவரைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்வதில்லையே, திறந்து செய்வதும் அந்த மாதிரிதான். நூறு பேரில் இரண்டு முதல் பத்து பேருக்கு, பை ரொம்ப வீங்கியிருந்தால் இன்னும் கூடுதலாக, இப்படித் திறக்க வேண்டி வரும்.

ஒரு குறை மட்டும் எனக்குத் தெரிகிறது. "தேவைப்பட்டால் திறப்போம்" என்பதை முதல் நாளே உட்காரவைத்து விளக்கிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். ஆபரேஷன் நடுவில் கதவைத் திறந்துகொண்டு வந்து காகிதத்தை நீட்டினால் எந்தக் குடும்பம்தான் சந்தேகப்படாது? கேஸ் உங்கள் உரிமை. அதற்கு முன்னால் டாக்டரிடம் நேரே போய், எங்கிருந்து ரத்தம் வந்தது, எவ்வளவு போனது, பித்தக் குழாய் நன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிறவர் மறைக்கிறவர் அல்ல.

அப்புறம், ஜூன் 14 தடை முடிந்து படகுகள் இறங்கும்போது அவருக்கு ஏழு வாரம்தான் ஆகியிருக்கும். முதல் மீன்பாட்டை விட மனசு வராது, தெரியும். ஆனால் திறந்த வயிற்றோடு வலை இழுத்தால் குடலிறக்கம் வரும். எட்டு வாரம் முடியட்டும், அதுவும் முதலில் கரை வேலை, ஐஸ் பெட்டி தூக்குவதெல்லாம் அப்புறம்.

ராமநாதபுரம் நர்சிங் மாணவி: கிளாஸில் ஒரு வீடியோ காட்டினார்கள். ரத்தம் பீய்ச்சியதும் சர்ஜன் கிளிப் எதுவும் போடவில்லை, கேமராவைப் பின்னால் இழுத்தார், பித்தப்பையையே அந்த இடத்தில் வைத்து அமுக்கிக்கொண்டு சும்மா நின்றார். ஏன் சார் உடனே நிறுத்தவில்லை?

அவர் நிறுத்திக்கொண்டுதான் இருந்தார், அம்மா. அந்தச் சும்மா நிற்பதுதான் இந்த ஆபரேஷனிலேயே கற்றுக்கொள்ளக் கஷ்டமான வேலை.

நான் புதிதாக இந்த வேலைக்கு வந்த காலத்தில் ஒரு சீனியருக்குக் கூட நின்றேன், அன்று பாதி வேலையை என்னிடம் விட்டிருந்தார். ஒரு நூல் இழையை இழுத்தேன், பளிச்சென்று திரை முழுக்கச் சிவப்பு. என் கை தானாகக் கிளிப்புக்குப் போனது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அழுத்திப் பிடி, கடிகாரத்தைப் பார்" என்றார், அவ்வளவுதான் சொன்னார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு பொட்டுக் கசிவு, அதுவும் சின்னக் கிளையிலிருந்து. நான் முதலில் போடப்போன இடத்தைக் கழுவிக் காட்டினார். அங்கே இருந்தது பித்தக் குழாய்.

பித்தப்பையின் கழுத்துப் பக்கம் கையடக்கமான ஒரு மெத்தை மாதிரி, ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிற கருவியில்தான் அது இருக்கிறது, புதிதாக எதையும் தேடாமல் அப்படியே தள்ளி ரத்தம் வரும் இடத்தில் அமுக்கலாம். இல்லையென்றால் சின்ன காஸ் துணியை உள்ளே விட்டு அமுக்குவார்கள். கேமராவைப் பின்னால் இழுத்தது கண்ணாடியில் ரத்தம் தெறிக்காமல் இருக்க. தெறித்துவிட்டால் வெளியே எடுத்து வெந்நீரில் கழுவித் துடைத்துக்கொண்டு வர வேண்டும், அந்த அரை நிமிஷம் நாம் குருடர்கள். இந்த ஐந்து நிமிஷத்தில் சுற்றி நிற்கிறவர்களுக்குத்தான் வேலை, நாளைக்கு அங்கே நீ நிற்பாய், அதனால் சொல்கிறேன்: மயக்க டாக்டரிடம் விஷயத்தைச் சத்தமாகச் சொல்வது, ரத்தம் தயாரா என்று போன் போடுவது, சக்ஷன், அதாவது உறிஞ்சு குழாய், ஒழுங்காக இழுக்கிறதா என்று பார்ப்பது, தேவைப்பட்டால் இன்னொரு ஓட்டைக்கான ட்ரோகாரை, அதாவது வயிற்றில் குத்திக் கருவிகளை உள்ளே விடும் குழாயை, எடுத்து வைப்பது, திறந்து செய்யும் கருவித் தட்டைத் தியேட்டருக்குள்ளேயே கொண்டுவந்து வைப்பது. ஸ்டோரில் பூட்டி வைத்துவிட்டுச் சாவியைத் தேடுகிற தியேட்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அமுக்கினதை மெதுவாக எடுத்துப் பார்க்கும்போது பாதிக்கு மேல் நின்றிருக்கும். இன்னும் பீய்ச்சினால் அந்த நுனியை மட்டும் மெல்லிய இடுக்கியால் பிடித்து, ரத்தம் நின்றதா என்று பார்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி, கிளிப்பின் இரண்டு முனையும் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போட வேண்டும். ஒரு முனை மறைந்திருந்தாலும் கூடாது. கரண்ட் வைத்துச் சுடுவது இன்னும் மோசம், சூடு நாம் தொட்ட இடத்தோடு நிற்காமல் பக்கத்துக் குழாய்க்கும் பரவும், அன்று ஒன்றும் தெரியாது, ஒரு வாரம் கழித்துப் பித்தம் ஒழுகும். சக்ஷனிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் நிரப்பித்தானே வேலை செய்கிறோம், பதற்றத்தில் ஒரேயடியாக உறிஞ்சினால் ரத்தத்தோடு வாயுவும் போய் வயிறு அமுங்கி, இருந்த கொஞ்சம் பார்வையும் போய்விடும். விட்டு விட்டு, ரத்தத்துக்குள் முனையை மூழ்கடித்து உறிஞ்ச வேண்டும்.

ஈரலிலிருந்து பையை உரித்த இடத்தில் வருவது வேறு மாதிரி. அது பீய்ச்சாது, ஊற்று மாதிரிக் கசியும். பெரும்பாலும் காஸ் வைத்து அமுக்கினாலே போதும், மிச்சத்துக்கு மேலோட்டமாகக் கரண்ட், இல்லையென்றால் ரத்தத்தை உறையவைக்கும் செல்லுலோஸ் வலைத்துணி. ஆனால் சிலருக்கு அந்தப் பள்ளத்துக்கு வெகு அருகே ஈரலின் நடுச்சிரையின் கிளை ஒன்று ஓடும், அது கிழிந்து கருஞ்சிவப்பாகக் கொப்பளித்தால் குத்தி விளையாடக் கூடாது, அமுக்கியபடியே தையல் போட வேண்டும், முடியாவிட்டால் திறக்க வேண்டும். ரொம்ப ஒட்டிப்போன பையில் பின்சுவரை ஈரலோடேயே விட்டுவிட்டு முன்பக்கத்தை மட்டும் எடுப்பதும் உண்டு, அது அரைகுறை வேலை அல்ல, புத்திசாலித்தனம். எதற்கும் அடங்காத ரத்தத்துக்கு 1908-இல் பிரிங்கிள் என்ற சர்ஜன் எழுதிவைத்த வழி இன்றைக்கும் இருக்கிறது: ஈரலுக்கு ரத்தம் போகும் வாசலையே கொஞ்ச நேரம் கவ்விப் பிடித்துவிடுவது.

ரத்தமே வராமல் செய்வது எப்படி என்றும் கேட்டிருக்க வேண்டும் நீ. கேலோ முக்கோணம் என்று படித்திருப்பாய், பித்தப்பைக்கும் ஈரலுக்கும் பெரிய பித்தக் குழாய்க்கும் நடுவில் இருக்கும் சின்ன இடம். அதைச் சுத்தமாகக் கொழுப்பு நீக்கி, பையின் அடிப்பகுதியை ஈரலிலிருந்து பிரித்து, பைக்குள் போவது இரண்டே இரண்டு குழாய்கள்தான் என்று கண்ணால் கண்ட பிறகே கிளிப்பைத் தொட வேண்டும். ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சர்ஜன் 1995-இல் இதற்குப் பெயர் வைத்தார், பாதுகாப்புக் காட்சி என்று தமிழில் சொல்லலாம். சிலருக்கு வலது ஈரல் ரத்தக்குழாயே கம்பளிப்பூச்சி முதுகு மாதிரி வளைந்து பையை ஒட்டி வந்து போகும். அதைப் பைக்குப் போகும் குழாய் என்று நினைத்து வெட்டினவர்கள் உண்டு. "இது என்ன இவ்வளவு தடிமனாக இருக்கிறது" என்று யாராவது கேட்டிருந்தால் தப்பியிருக்கும், நர்ஸ் கேட்டாலும் சரிதான். உடம்புக்குள் தங்கும் பக்கம் இரண்டு கிளிப், வெளியே வரும் பக்கம் ஒன்று. கடைசியில் வாயு அழுத்தத்தைக் குறைத்துவிட்டு இன்னொரு தடவை பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த அழுத்தமே சின்னச் சிரைகளை அமுக்கி வைத்திருக்கும், வாயுவை விட்டதும் அவை கசிய ஆரம்பிக்கும். ட்ரோகாரையும் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருவ வேண்டும். வயிற்றுச் சுவரில் அது குத்திய இடம் ரத்தம் விட்டால் மூத்திரக் குழாயின் பலூனை உள்ளே விட்டு ஊதி வெளியே இழுத்துப் பிடிப்பது பழைய வித்தை, அருமையாக வேலை செய்யும்.

வரலாறு பரீட்சைக்கு வரும் என்றால்: 1882-இல் பெர்லினில் லாங்கன்புக் முதலில் திறந்து எடுத்தார், 1985-இல் ஜெர்மனியிலேயே மூஹ ஓட்டை வழியாக எடுத்தார், இந்தியாவில் 1990-இல் மும்பையில் உத்வாடியா.

கீழக்கரை வாசகர், துபாயிலிருந்து: ஊரில் இருக்கும் உம்மாவுக்கு 64 வயது. போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தோம், நாலு மாதம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ராத்தா ஒன்பது மாதம் என்கிறாள். இப்போது பித்தப்பைக் கல், வலி விட்டு விட்டு வருகிறது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்தினால்தான் ஆபரேஷன் என்கிறார் ஒருவர், நிறுத்தவே கூடாது என்கிறார் ஹார்ட் டாக்டர். நாங்கள் யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, முதலில் அந்தத் தேதியைச் சரியாகக் கண்டுபிடியுங்கள், ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரி கொடுத்த அட்டையில் இருக்கும். நாலு மாதமா ஒன்பது மாதமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மருந்து பூசிய ஸ்டென்ட் என்றால் அவசரமில்லாத ஆபரேஷனை ஆறு மாதமாவது தள்ளுவது வழக்கம், மாரடைப்போடு வந்து வைத்ததென்றால் ஒரு வருஷம் வரைக்கும் தள்ளச் சொல்வார்கள். அதற்கு முன்னால் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும், அது பித்தப்பைக் கல்லைவிடப் பல மடங்கு ஆபத்து.

இரண்டு டாக்டரும் பொய் சொல்லவில்லை, அவரவர் உறுப்பைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். உம்மா சாப்பிடுவது பெரும்பாலும் இரண்டு மாத்திரையாக இருக்கும். ஆஸ்பிரின் ஒன்று, குளோபிடோக்ரெல் அல்லது அதன் தம்பி ஒன்று. வழக்கம் என்னவென்றால் ஸ்டென்ட் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினைத் தொடர்ந்து கொடுத்தபடியே ஆபரேஷன் செய்வோம், கசிவு கொஞ்சம் கூடும், சமாளிக்கலாம். குளோபிடோக்ரெலை மட்டும், காலம் கடந்திருந்தால், ஐந்து நாள் முன்பு நிறுத்துவோம். ஐந்து நாள் எதற்கென்றால் அந்த மருந்து ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை அவற்றின் ஆயுசு முழுக்க முடக்கிவிடும், தட்டணுவின் ஆயுசு ஏழு முதல் பத்து நாள், புதியவை போதுமான அளவு பிறந்து வர வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்ற இன்னொரு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு, அதையும் ஐந்து நாள் முன்பு நிறுத்தி ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.5-க்குக் கீழே வந்ததா என்று பார்ப்போம், செயற்கை வால்வு இருந்தால் நடுவில் ஹெப்பாரின் ஊசி தேவைப்படலாம். இதையெல்லாம் நீங்களாகச் செய்யச் சொல்லி எழுதவில்லை. இரண்டு டாக்டரும் ஒரு தடவை போனில் பேசட்டும், பேசி முடிவை ஒரே சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், "இன்ன தேதியில் நிறுத்து, இன்ன தேதியில் தொடங்கு" என்று. நிறுத்துவதை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், மறுபடி தொடங்குவதைத்தான் மறந்துபோகிறார்கள்.

நடுவில் வலி நிற்காமல் காய்ச்சலும் வந்தால் இந்த மாதக் கணக்கெல்லாம் செல்லாது. அப்போது ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்ப்பார்கள், அல்லது தோல் வழியாகப் பைக்குள் குழாய் விட்டுச் சீழை வடிப்பார்கள், ஆபரேஷனைத் தள்ளிப்போட அது ஒரு வழி.

இன்னொன்று. டாக்டர் "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டால் நம் பெண்கள் "பிரஷர் மாத்திரை" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார்கள். மாத்திரை டப்பாவையே கையில் கொடுத்து அனுப்புங்கள், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கினது, நீங்கள் துபாயிலிருந்து அனுப்பிய மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை உட்பட. பின்னால் நீங்கள் கேட்கப்போகும் கேள்விக்கும் இப்போதே பதில்: உள்ளே தங்கும் கிளிப் டைட்டானியம், ரொம்பச் சின்னது, ஏர்போர்ட்டில் சத்தம் போடாது.

தொண்டி வாசகர்: மச்சானுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். பித்தக் குழாயில் கல் அடைத்திருக்கிறது, ரத்தம் உறைய ஊசி மூன்று நாள் போட்டுவிட்டுத்தான் மற்றது என்கிறார்கள். காமாலைக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? பில் ஏற்றுகிறார்களா?

அது வைட்டமின் கே ஊசி, விலை மலிவு, அதில் பில் ஏற்ற ஒன்றுமில்லை.

சம்பந்தம் இப்படி. ரத்தத்தை உறையவைக்கும் சரக்குகளில் நாலைச் செய்ய ஈரலுக்கு வைட்டமின் கே வேண்டும். அது கொழுப்பில் கரைகிற வைட்டமின், பித்தம் குடலுக்கு வந்தால்தான் உடம்பில் சேரும். கல் குழாயை அடைத்துக்கொண்டு பித்தம் குடலுக்கு வராமல் நின்றால், சாப்பாட்டில் கீரை எவ்வளவு சேர்த்தாலும் அது வீண். இரண்டு மூன்று வாரம் அப்படிப் போனால் ரத்தம் உறையும் நேரம் நீண்டுவிடும், அந்த நிலையில் கத்தி வைத்தால் அமுக்கி நிற்கிற ரத்தம் அல்ல அது. வாயால் கொடுத்தாலும் சேராது என்பதால் ஊசி. போட்ட மறுநாளே பலருக்கு டெஸ்ட் சரியாக ஆரம்பிக்கும். சரியாகவில்லை என்றால் அதுவும் ஒரு சேதி: ஈரலே கெட்டுப்போயிருக்கலாம். மச்சான் குடிக்கிறவரா? மறைக்காமல் சொல்லுங்கள். ஈரல் சுருங்கினவர்களுக்குப் பித்தப்பையைச் சுற்றி நரம்பு புடைத்த மாதிரி சிரைகள் வீங்கி நிற்கும், எங்கே தொட்டாலும் ரத்தம், நான் பயப்படும் நோயாளிகள் அவர்கள்தான்.

குழாயில் இருக்கும் கல்லை வழக்கமாக வாய்வழியே கேமரா விட்டு முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் பித்தப்பைக்குப் போவார்கள். வரிசை சரியாகத்தான் இருக்கிறது. நடுவில் காமாலைக்கு மந்திரிக்கிறேன், இலை அரைத்துக் கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள், அடைப்புக் காமாலை காத்திருக்காது.

தங்கச்சிமடம் வாசகர்: சின்ன ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வரச் சொல்வது ஏன்? பயமாக இருக்கிறது.

லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனால் படகு கவிழப்போகிறது என்றா அர்த்தம்? பெரும்பாலானவர்களுக்கு ஒரு சொட்டுக்கூட ஏற்ற மாட்டோம். ரத்த வகை பார்த்து வைப்பதுதான் எல்லோருக்கும் அவசியம், வீக்கம் அதிகமுள்ளவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், ஈரல் நோயாளிகள் இவர்களுக்கு மட்டும் பாட்டிலையே எடுத்து வைப்போம். தீவில் இருக்கிறீர்கள், அரிதான வகை என்றால் மதுரையிலிருந்து வர மூன்று மணி நேரம் ஆகும், அந்த நேரம் ஆபரேஷன் டேபிளில் கிடையாது. இரண்டு பேரைக் கூட்டிப் போங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டால் பிரசவ வார்டில் யாருக்காவது ஆகும்.

மண்டபம் வாசகி: பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவள். ஆபரேஷன் முடிந்து ஐந்து நாள். தொப்புள் காயத்தில் லேசாக ரத்தம் கசிகிறது, காப்பித்தூள் வைத்தேன், நின்றது, மறுபடி வந்தது. எப்போது கடலில் இறங்கலாம்?

அக்கா, காப்பித்தூளைக் காப்பிக்கு மட்டும் வையுங்கள். சுத்தமான துணியை மடித்து, பத்து நிமிஷம், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், விரலால் அழுத்துங்கள். நாங்கள் உள்ளே செய்வதும் இதேதான். நின்றுவிட்டால் சரி. துணி நனைந்துகொண்டே இருந்தாலோ, தொப்புளைச் சுற்றிக் கருநீலமாகப் பரவினாலோ, நாற்றமடித்தாலோ அன்றே காட்ட வேண்டும். வைத்த காப்பித்தூளையும் ஒரு தடவை நர்ஸிடம் காட்டிக் கழுவிக்கொள்ளுங்கள்.

கடலில் இறங்க மூன்று வாரமாவது பொறுங்கள், காயம் முழுசாக மூடி, பொருக்கு உதிர்ந்து, கீழே தோல் உலர்ந்திருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று கரையில் ஒரு நம்பிக்கை உண்டு, திறந்த காயத்தில் கடல் கிருமி ஏறினால் அது கேட்காது. மூச்சை அடக்கி முங்குவதும், ஈரப் பாசி மூட்டையைத் தூக்குவதும் ஒரு மாதம் கழித்து.

தேவிபட்டினம் வாசகர்: அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம், நன்றாகத்தான் இருந்தார். இரண்டு நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது, மேல்வயிறு வலிக்கிறது, கண் லேசாக மஞ்சள். அல்சராக இருக்கும் என்று பக்கத்தில் மாத்திரை கொடுத்தார்கள். ஆபரேஷனுக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் உங்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், அச்சில் வரும் வரை காத்திருக்கிற விஷயமில்லை இது. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆபரேஷன் ரத்தம் என்றால் முதல் 24 மணி நேரம்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், பெரும்பாலும் உண்மைதான். கிளிப் நழுவினாலோ, ஈரல் பள்ளம் கசிந்தாலோ அன்றைக்கே நாடித்துடிப்பு ஏறும், முகம் வெளுக்கும், வியர்த்துக் கொட்டும், வயிறு உப்பும், வடிகுழாய் வைத்திருந்தால் அதில் புது ரத்தம் வரும். வலது தோள்பட்டையில் வலி மட்டும் வந்தால் பயம் வேண்டாம், அது மிச்ச வாயு உதரவிதானத்தைச் சீண்டுவது. இதனால்தான் பாம்பன் பாலம் தாண்டிப் போகிறவர்களையும், தனியாக இருக்கும் பெரியவர்களையும் "நன்றாக இருக்கிறேனே" என்று கெஞ்சினாலும் ஒரு ராத்திரி கூடுதலாகப் பிடித்து வைக்கிறேன்.

ஆனால் அபூர்வமாக, வாரக்கணக்கில் கழித்து வருகிற ஒன்று இருக்கிறது. ஆபரேஷனில் ரத்தக்குழாயின் சுவர் சூட்டாலோ கிளிப்பாலோ லேசாகக் காயம்பட்டு, நாளாக நாளாக அந்த இடம் பலூன் மாதிரி உப்பி, ஒரு நாள் பித்தக் குழாய்க்குள் உடையும். ரத்தம் பித்தத்தோடு குடலுக்கு வரும். மலம் கறுக்கும், உறைந்த ரத்தம் குழாயை அடைப்பதால் வலியும் மஞ்சளும் சேர்ந்து வரும். இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அல்சர் மாத்திரை போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. நின்று நின்று வருவதுதான் இதன் ஏமாற்று வேலை, நேற்று நின்றுவிட்டதே என்று விட்டால் நாளைக்கு வாளி நிறைய வரும். ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன் எடுத்து, ஆஞ்சியோ மாதிரித் தொடை வழியாகக் குழாய் விட்டு, உப்பின இடத்தைக் கம்பிச்சுருள் வைத்து அடைத்துவிடுவார்கள். வயிற்றை மறுபடி திறக்க வேண்டியது பெரும்பாலும் வராது. அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை, அதனால்தான் உங்களை உள்ளூரில் அலையாமல் 108-ஐக் கூப்பிட்டு நேராக மதுரைக்குப் போகச் சொன்னேன்.

சத்துக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும். அது தார் மாதிரி ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. சந்தேகம் இருந்தால் ஆபரேஷன் செய்தவரிடமே முதலில் கேளுங்கள், எந்தக் குழாய்க்கு எத்தனை கிளிப் போட்டார் என்று அவருக்குத்தான் தெரியும்.